அளந்து வைத்த விரிசல்

மருத்துவர் அவருக்கு ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை. நெஞ்சுக்குச் செல்லும் குழாயில் அடைப்பை நீக்கிய பின் ஆறு வாரம் வீட்டிலிருக்க வேண்டும், கனம் தூக்கலாகாது, படபடக்கலாகாது என்பன கட்டளைகள். ஊருக்குக் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகள் மரையாணி இறுக்கிப் பழகிய கை அவருடையது. நிலையத்தில் அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். தளர்ந்த பொருள் எதுவும் அவர் கண்ணில் பட்ட பின் தளர்ந்தபடியே இருந்ததில்லை.

முதல் வாரத்தில், சொட்டாத குழாய்க்கு வளையம் மாற்றினார். கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் இட்டார். கணக்கு ஆசிரியையாகிய மனைவி ஒரு மாலை பள்ளியிலிருந்து திரும்பியபோது, சுவர்க்கடிகாரம் செய்தித்தாளின்மேல் இருபத்தேழு துண்டுகளாகக் கிடந்தது.

"நல்லா ஓடிட்டு இருந்துச்சே?"

"ஒரு நாளைக்கு அரை நிமிஷம் பிந்துது."

"பிந்தட்டுமே. இப்ப எந்த ரயிலைப் பிடிக்கப் போறீங்க?"

பையை இறக்கி வைத்துவிட்டு அவள் கூடத்தின் நடுவிலிருந்த பெரிய தேக்கு மேசையைச் சுட்டினாள். "வீட்டுல எதை வேணாக் கழட்டிக்குங்க. அம்மா மேசையை மட்டும் விட்டுடுங்க. துடைக்கலாம், அவ்வளவுதான்."

அந்த மேசையின் வரலாறு வீட்டார் அனைவரும் அறிந்தது. எட்டுப் பேர் உண்ணலாம். ஐந்து பலகைகளை ஒட்டிச் செய்த மேற்பரப்பு. கால்கள் யானைக்கன்றின் கால்களைப் போல. அதன்மேல்தான் அக்காளாகிய மனைவியும் அவள் தங்கையும் எழுதப் பழகினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் தாய் மருத்துவமனையில் கிடந்தபோது, அந்தத் தாழ்வாரத்தில் நின்று அக்காள் ஒரு சொல் சொல்லிவிட்டாள்: "நீ என்ன, விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போற." தங்கை திருப்பிச் சொன்னாள்: "அம்மாவைப் பார்த்துக்கிறதா பேரு, உன் கண்ணு மேசைமேல." அம்பு மீண்டாலும் மீளும், சொல் மீளாது. தாய் மறைந்த பின் இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மேசை மூன்றாண்டு ஒருத்தி வீட்டில், மூன்றாண்டு மற்றவள் வீட்டில். யார் வீட்டில் அது கெடுகிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். மற்றவள் அதைக் கேட்டு வரவே கூடாது.

அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. செய்தி இருந்தால் கணவன்மார் வழியே போகும். மேசையை ஒப்படைக்கும் நாளில் மட்டும், ஒரே அறையில் கால்மணி நேரம் நேருக்கு நேர் நிற்பார்கள். முதல் மூன்றாண்டு சின்னவள் வீட்டில் கழிந்தது. அக்காளின் மூன்றாண்டு, அவருடைய ஓய்வின் ஐந்தாம் வாரத்துச் சனிக்கிழமையோடு முடியவிருந்தது.

மேசையைப் பேணும் முறையை மனைவி ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து, மரத்தின் வரி ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். உடனே உலர்ந்த துணி. மாதம் ஒருமுறை விரல்நுனியளவு தேன்மெழுகு. சூடான பாத்திரத்துக்கு அடியில் பலகை. பிற்பகலில் மேற்கு ஜன்னலின் திரை. மேசைக்கு அடியில் என்ன செய்யலாகாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. மல்லாந்து படுத்து ஒருவர் உள்ளே புகுவார் என்று யார் கண்டது?

இரண்டாம் வாரம் ஒரு பிற்பகல். வெளியே வறண்ட காற்று. உள்ளே நோயாளிக்காகக் காலை முதல் ஓடிக்கொண்டிருந்த ஏசி. மேசையிலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை. அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். சற்று நேரத்தில் மறுபடியும். பம்பில் அப்படி ஓர் ஓசை கேட்டால் ஏதோ கழன்றிருக்கிறது என்று பொருள். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தார்.

மேற்பலகை கீழ்ச்சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. கட்டைவிரல் பருமனில் எட்டு மரத்துண்டுகள் பலகையில் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நாக்கும் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் வெறுமனே நுழைந்து நின்றது. நாக்குக்கும் காடிக்கும் நடுவே ஒரு நெல்மணி போகும் இடம். அவருக்கு உடல் கூசியது. இத்தனை ஆண்டுகளாக இந்தக் குடும்பம் ஆடும் பலகையின்மேலா உண்டது?

மூன்று நாள் வேலை. மனைவி பள்ளிக்குப் போனதும் தொடங்கி, அவள் வருமுன் கருவிகளை மறைத்தார். மரத்துண்டுகளைக் கழற்றி, இலக்கமிட்டு, பிஸ்கட் டப்பாவில் இட்டார். எதையும் எறியும் வழக்கம் அவருக்கு இல்லை. அவற்றின் இடத்தில் பத்து இரும்புக் கோணப்பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு திருகாணிகள். கடைசித் திருகை இறுக்கியபோது, பல நாளுக்குப் பின் அவர் நெஞ்சு நிம்மதியாக அடித்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சின்னவள் வந்து மேசையை அசைத்துப் பார்த்து வியக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மரம் வெட்டுண்ட பின்னும் வானத்தை மறப்பதில்லை. ஈரம் கண்டால் விரியும். வறட்சி கண்டால் ஒடுங்கும். உயிரை உடலோடு பொருத்திய பெருமானும் மூச்சு வந்து போகச் சற்று இடம் விட்டே பொருத்தினான். இதை ஸ்பேனர் அறிந்தாரில்லை.

நான்காம் வாரம், மணி இரண்டு. காய்ந்த கொம்பு முறிந்தாற்போல் 'பட்' என்று ஒன்று கேட்டது. மேசையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒரு சாணும் இரண்டு விரலும் நீளத்தில், நடுப்பலகை பிளந்திருந்தது. நகம் நுழையும் அகலம்.

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்து பார்த்தார். அது அங்கேயே இருந்தது. விரலால் அழுத்தினார், வாயை மூடிவிடலாம் என்பதுபோல். மணி மூன்று. நான்கரைக்கு மனைவி வந்துவிடுவாள். மேசை கெட்டது, இந்த வீட்டில் கெட்டது. சின்னவள் இனி இந்த வாசலை மிதிக்க ஒரு காரணமும் இல்லை.

கை தானே வேலையைத் தேடிக்கொண்டது. நீர்க்குழாயின் கசிவை அடைக்க நிலையத்தில் ஒரு பசை உண்டு. இரண்டு குழம்புகளைக் கலந்தால் கல்லாய் இறுகும். அதில் மரத்தூளும் ஒரு சிட்டிகை காப்பித்தூளும் குழைத்து விரிசலுக்குள் அழுத்தினார். இறுகியபின் உப்புத்தாள், அதன்மேல் தேன்மெழுகு. நான்கு இருபதுக்குத் தலையைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபுறம் நின்று பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் மறைத்துவிட்டார்.

மறைத்த பின் அமைதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் துலக்கும்போது வாயில் நுரையோடு வந்து பார்த்தார். மனைவி அந்த இடத்தில் கையூன்றி விடைத்தாள் திருத்தினால், அவருக்கு நெற்றி வியர்த்தது. "என்னங்க, அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் அலையறீங்க? டாக்டர் நடக்கச் சொன்னது தெருவுல," என்றாள். அடுத்த வாரம் வியாழன் காலை, பசை முடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு விரல் நீளம் புதிதாகப் பிளந்திருந்தது.

அவள் பள்ளிக்குப் போனதும் தச்சரைத் தொலைபேசியில் அழைத்தார். தச்சர் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். காதில் செருகிய பென்சிலோடு வந்து, மேலே ஒரு பார்வை, கீழே படுத்து ஒரு பார்வை பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து சிரிப்பு கேட்டது.

"சார், இது மேசையா, பாலமா?"

"ஆடிச்சுப்பா."

"ஆடத்தானே விட்டிருக்காங்க. மரம் குறுக்கால விரியும், சுருங்கும். நீங்க நாலு பக்கமும் பிடிச்சு வச்சுட்டீங்க. ஏசி வேற காயப் போட்டுடுச்சு. சுருங்க வழியில்லாம கிழிஞ்சிருக்கு." தச்சர் வெளியே வந்து விரிசலை நகத்தால் சுரண்டினார், சிரிப்பு நின்றது. "இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

சொன்னார்.

"அடப் பாவமே. பட்டையைக் கழட்டி, ஏசியை நிறுத்திட்டு, கொஞ்சம் ஈரம் கொடுத்தா பாதிக்கு மேல தானாவே மூடும் சார் இது. இப்ப மூட வந்தா நடுவுல கல்லு நிக்குது. மழைக்காலத்துல மரம் விரியறப்போ இந்தக் கல்லே அடுத்த பக்கம் பிளக்கும். நோண்டி எடுத்தே ஆகணும்."

"எடுத்தா?"

"வாயைத் திறந்துட்டு நிக்கும். ரெண்டு மாசம், மூணு மாசம். அப்புறம் மூடலாம்."

"மூடலாமா, மூடுமா?"

"நான் தச்சன் சார், ஜோசியன் இல்ல."

சனிக்கிழமைக்கு இடையே ஒரு நாள்தான் இருந்தது. யோசித்துச் சொல்வதாகத் தச்சரை அனுப்பினார். யோசிக்க வேண்டியது அஞ்சத்தக்க அளவுக்கு எளிதாக இருந்தது. புதுப் பிளவுக்கும் விரல் நீளம் பசை வைத்துவிட்டால் சனிக்கிழமை மேசை வழுவழுவென்று வண்டியேறும். மழைக்காலத்தில் சின்னவள் வீட்டில் பிளக்கும். அவள் வீட்டில் கெட்டதாகும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சொல்லால் பட்டவள், செய்யாத பிழையின் பழியையும் ஏற்றுக்கொண்டு கதவை மூடிக்கொள்வாள். பசை டப்பாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். நாற்பது அடிக் கூடத்தில் அவர் அன்று எத்தனை கல் தொலைவு நடந்தாரோ.

மாலையில் மனைவி விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தாள். திருத்தவில்லை. மேசையின்மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டியபடி சொன்னாள்: "நாளன்னிக்கு அவ வருவா இல்ல... போன தடவை 'டீ குடிக்கிறியா'ன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான். மூணு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை வந்தவுடனே கேட்டுடணும்."

அவர் நாற்காலியை இழுத்து எதிரே அமர்ந்தார். பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். இலக்கமிட்ட எட்டு மரத்துண்டுகள். அவற்றிலிருந்து தொடங்கிப் பசைவரை அனைத்தையும் சொன்னார். முடிந்ததும், பசை இட்ட இடத்தை அவள் விரல் தேடிக் கண்டது.

"காப்பித்தூளா?"

"ஒரு சிட்டிகைதான்."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள். குரல் தழுதழுத்தது, சினத்தாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. "உங்களை ஆறு வாரம் வீட்டுல வச்சிருக்கச் சொன்ன டாக்டரைச் சொல்லணும்." பிறகு கட்டை அவிழ்த்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். "தச்சரை வரச் சொல்லுங்க. அவ தலையில கட்டி அனுப்பறதுக்கு, அவ வராமயே இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை தச்சர் பட்டைகளைக் கழற்றிப் பழைய மரத்துண்டுகளை அவற்றின் இடத்தில் பொருத்தினார். மெல்லிய உளியால் பசையைப் பொடிப்பொடியாகக் குடைந்தெடுத்தார். விரிசல் கருத்த கோடாய்த் திறந்துகொண்டபோது வாசலில் வண்டி நின்றது.

சின்னவள் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். சொட்டு அளவும் பிசகாதவள். உள்ளே வந்து அக்காளைப் பாராமல் அவரைப் பார்த்தாள். "உடம்பு எப்படி இருக்கு அத்தான்?" பிறகு உளியையும், பொடியையும், விரிசலையும் பார்த்தாள். "இது எப்ப?"

அவர் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "எங்க வீட்லதான். நாங்கதான் கெடுத்தோம்." ஆறு ஆண்டில் அவள் தங்கையிடம் பேசிய முதல் சொற்கள் அவை. டீக்கென்று வைத்திருந்த கேள்வி பின்தங்கியது.

"நாங்கன்னா?"

"நான்தாம்மா," என்றார் அவர். "ஆடுதுன்னு இறுக்கினேன்."

"ஆடிச்சா?"

"ஆடல. ஆடும்னு தோணுச்சு."

"நெஞ்சு வலின்னு படுத்த மனுஷன் மேசைக்கு அடியில என்ன பண்ணீங்க?"

"அதையேதான் நானும் கேட்டேன்," என்றாள் மனைவி. இருவர் பார்வைகளும் ஒரு கணம் அவர் தலைக்கு மேலே சந்தித்து உடனே விலகின.

சின்னவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அப்ப பேசினபடிதான். கெட்ட இடத்துலயே நிக்கட்டும். நான் கிளம்பறேன் அத்தான்."

மனைவி அசையவில்லை. அவருக்கு நெஞ்சு படபடத்தது. மருத்துவர் தடுத்த படபடப்பு அதுதான்.

"கெட்டுப் போச்சுன்னு யாரும்மா சொன்னது?" தச்சர் உளியைத் துடைத்தபடி கேட்டார். "இது விரிஞ்சிருக்கு. கெடல. மேசைக்கு அடியில அகலமா ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, ஏசியைக் குறைச்சா மூடும். மூடலைன்னா அப்ப சொல்லுங்க கெட்டுதுன்னு."

சின்னவள் நின்றாள். அவளுக்குள் இருந்த மருந்தாளர் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு மூடினா மூடினதுன்னு கணக்கு?"

"ஒரு அட்டை நுழையாம இருந்தா."

அவள் பையிலிருந்து தன் முகவரி அட்டையை எடுத்து விரிசலில் செங்குத்தாகச் செருகினாள். பாதிக்கு மேல் இறங்கியது. இறங்கிய மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு, தேதியை எழுதினாள். "சரி. மூடினா எடுத்துட்டுப் போறேன். மூடலைன்னா இங்கயே. அதுவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே வந்து அளப்பேன். நீங்க அளந்து சொன்னா நம்பறதா இல்லை."

"நம்ப வேணாம்," என்றாள் மனைவி. "வந்து பாரு."

முதற்சனி வந்தவள் நின்றபடியே அளந்து, கோடிட்டு, போனாள். இரண்டாம் சனி மழைத்தூறலில் நனைந்து வந்ததால் துண்டு வாங்கித் தலை துவட்ட நேர்ந்தது. மூன்றாம் சனி, அளந்து முடித்த பின்னும் அவள் அட்டையை எடுத்துவைக்காமல் நின்றாள்.

"விருந்தாளிக்கு ஒரு டீ கிடைக்குமா?"

அந்தச் சொல் அறையில் விழுந்ததும் மனைவியின் முகம் வெளுத்தது. அடுக்களை வாசல்வரை போனவள் திரும்பினாள். "விருந்தாளின்னா கேக்க மாட்டா. டம்ளர் இருக்கற இடம் உனக்குத் தெரியும். எடுத்துட்டு வா."

ஐந்தாம் சனி விடைத்தாள்களின் மதிப்பெண்ணைச் சின்னவள் கூட்டித் தந்தாள்; அக்காள் அந்தக் கூட்டலில் இரண்டு பிழை கண்டுபிடித்து, அதை நாள் முழுவதும் சொல்லிக் காட்டினாள். தாயைப் பற்றி இருவரும் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்நேரம் அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஓய்வு முடிந்து நிலையத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். மாலைதோறும் வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்புவார். அட்டையில் பென்சில் கோடுகள் படிப்படியாக நுனியை நோக்கி இறங்கின.

எட்டாம் சனி அட்டையின் நுனி மட்டும் தொட்டு நின்றது. சின்னவள் கோடிட்டாள். "இன்னும் ஒரு நகக்கண் அளவு. அடுத்த வாரம் வண்டிக்குச் சொல்லிடலாம்," என்றாள், அட்டையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"சொல்லிடு," என்றாள் அக்காள்.

அடுத்த வெள்ளி மாலை மழை வலுத்தது. அவர் குடையை மடக்கி உள்ளே வந்தபோது கூடத்தில் ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் பாத்திரம் உலர்ந்து கிடந்தது. தானாக உலர்ந்ததல்ல, துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி முந்தானையைத் தோள்களில் இறுகப் போர்த்திக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

அவர் பழக்கத்தால் அடுக்களைக்குப் போய்க் குவளையில் தண்ணீர் எடுத்து வந்தார்.

"ஏசி கொஞ்சம் அதிகமா இருக்கோ?"

"எனக்கு வேர்க்குது," என்றாள் அவள், தலை நிமிராமல். சிவப்புப் பேனா ஒரு விடையின் பாதியில் நின்றிருந்தது.

அவர் குனிந்தார். கவிழ்ந்த பாத்திரத்தைப் பார்த்தார். முப்பது ஆண்டுப் பழக்கம் விரல்களில் துடித்தது. நிமிர்த்தி வைக்க ஒரு நொடி போதும். நிமிர்ந்து, குவளை நீரைத் தாமே முழுவதும் குடித்தார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அதன் ஒரு கால் சற்றே ஆடியது. அவர் அதை உணர்ந்தார். எழவில்லை.